கப்பலைத் தவறவிட்ட டாக்டர்

(வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு வேலை விண்ணப்பத்தைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசு மருத்துவமனைகளில் உழைத்தவன் நான். இடமாறுதல் கேட்டும் மேற்படிப்புக்கு விடுப்பு கேட்டும் எத்தனையோ விண்ணப்பங்கள் எழுதியிருக்கிறேன். மற்றவர்கள் எழுதியதற்குப் பரிந்துரைக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். ஆனால் எழுதியவரின் உயிரையே குடித்த விண்ணப்பம் என்று ஒன்றைத்தான் நான் அறிவேன்.

அது 1895 டிசம்பர் 17ஆம் தேதி எழுதப்பட்டது. எழுதியவருக்கு வயது 34, கண் மருத்துவர். இருந்த இடம் அன்று ஸ்பெயின் ஆண்ட பிலிப்பைன்ஸில் மிண்டனாவ் தீவின் வடமேற்குக் கரையிலுள்ள டபிடான் என்ற சிற்றூர். அவர் கேட்டது, கியூபாவில் போரிட்டுக்கொண்டிருந்த ஸ்பானிய ராணுவத்தில் மருத்துவர் வேலை. சம்பளம், சலுகை என்று எதையும் அவர் வற்புறுத்தவில்லை. தன்னார்வலனாகப் போகிறேன், அனுப்புங்கள் என்பதுதான் வேண்டுகோள்.

வேடிக்கையைப் பாருங்கள். கியூபாவில் ஸ்பெயின் போரிட்டது பிரிவினைவாதிகளோடு. விண்ணப்பம் போட்டவரை அதே ஸ்பெயின் நாடு கடத்தி வைத்திருந்ததும் பிரிவினைவாதி என்ற சந்தேகத்தில்தான். அந்த விண்ணப்பத்துக்கு அனுமதியும் கிடைத்தது. ராணுவ மருத்துவராகக் கப்பல் ஏறினார். ஒரு நாள்கூடச் சீருடை போடவில்லை, ஒரு சிப்பாயின் காயத்தையும் கட்டவில்லை. போன கப்பலிலேயே கைதாகித் திரும்பி வந்து, பிரிவினைவாதி என்று சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் ஹோசே ரிஸால்.

அவருடைய ராணுவ மருத்துவ வேலை கடைசிவரை காகிதத்தில் மட்டுமே இருந்தது. பிரிவினைவாதியும் காகிதத்தில்தான் இருந்தான். ரிஸாலே எழுதிய ஒரு நாவலில். நாவலில் இருந்தவனைத் தேடிப் போன அரசு, எழுதியவரைப் பிடித்துச் சுட்டது. இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதிப் பேச்செல்லாம் இதற்கான ஆதாரம்.

முதலில் பிரிவினைவாதி என்ற அந்தச் சொல். ஸ்பானிய மொழியில் ‘பிலிபுஸ்தெரோ’ என்பார்கள். கடற்கொள்ளையரைக் குறித்த டச்சுச் சொல் ஒன்று பல வாய்களில் உருண்டு இந்த வடிவத்துக்கு வந்தது. கரீபியக் கடலில் கொள்ளையடித்தவர்களுக்கு முதலில் இந்தப் பெயர். பிறகு கியூபாவில் ஸ்பெயினிடமிருந்து பிரிய நினைத்தவர்களுக்கு. அங்கிருந்து பசிபிக்கைத் தாண்டி மணிலாவுக்கு வந்தது. பிரிவினைவாதி என்ற சொல்லின் எடை என்ன என்று நம் மேடைகளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. என்றாலும் அன்றைய மணிலாவில் அதன் எடையே வேறு. பாதிரியாருக்குத் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொல்லாதவனும் பிலிபுஸ்தெரோ, குத்தகைக் கணக்கைக் கேட்டவனும் பிலிபுஸ்தெரோ.

ரிஸால் அந்தச் சொல்லை முதன்முதலில் கேட்டது 1872இல், பத்து வயதில். அந்த ஆண்டு ஜனவரியில் காவிதே கடற்படைத் தளத்தில் ஒரு சிறு கலகம். அதை அடக்கியதோடு அரசு நிற்கவில்லை. கோமெஸ், புர்கோஸ், ஸமோரா என்ற மூன்று பாதிரிகளைப் பிப்ரவரி 17ஆம் தேதி மணிலாவின் பகும்பயான் திடலில் கழுத்தை நெரிக்கும் இயந்திரத்தில் உட்காரவைத்துக் கொன்றது. மூவரும் அந்த மண்ணில் பிறந்தவர்கள். ஸ்பானியத் துறவிகளுக்குச் சமமாகத் தங்களையும் நடத்த வேண்டும் என்று கேட்டதே அவர்கள் செய்த பெருங்குற்றம். புர்கோஸின் வட்டத்தில் இருந்தவர் ரிஸாலின் அண்ணன் பசியானோ. வீட்டில் காவிதே, புர்கோஸ், பிலிபுஸ்தெரோ என்ற பேச்சே எழக்கூடாது என்று தந்தை தடை போட்டுவிட்டாராம். தடை போட்ட வீட்டில் அந்தச் சொல் எப்படி வளர்ந்திருக்கும் என்பதைப் பிள்ளை பெற்றவர்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

ஏறத்தாழ அதே நாட்களில் இன்னொன்றும் நடந்தது. உறவினர் ஒருவரின் மனைவிக்கு நஞ்சு வைக்க முயன்றதாக ரிஸாலின் தாய் தியோடோரா அலோன்சோ மீது குற்றம் சாட்டினார்கள். சொந்த ஊரான காலம்பாவிலிருந்து மாகாணத் தலைநகரான சாந்தாகுரூஸ் வரை, ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தூரம், வசதியான குடும்பத்துப் பெண்மணியை வெயிலில் நடத்தியே கூட்டிச் சென்றார்கள். இரண்டரை ஆண்டு சிறையில் வைத்துவிட்டு, குற்றம் மெய்ப்படாமல் விட்டார்கள். அந்த அம்மாளுக்குப் பின்னால் கண் மங்கத் தொடங்கியது, கண்புரை. மகன் மருத்துவத்தில் கண்ணைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதுதான்.

மணிலாவின் சாந்தோ தோமாஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் தொடங்கி, 1882 மே மாதத்தில் ஸ்பெயினுக்குக் கப்பல் ஏறினார். வழியில் சிங்கப்பூரும் கொழும்பும் பார்த்தார். மத்ரித்தில் 1884இல் மருத்துவம் செய்வதற்கான பட்டம் வாங்கினார். முனைவர் பட்டத்துக்கான சடங்குகளை முடிக்கவில்லை. ஆகவே சட்டப்படி பார்த்தால் அவர் ‘டாக்டர்’ இல்லை என்று இன்றும் சிலர் வாதம் செய்கிறார்கள். கண் தெரியாமல் வந்து கண் தெரிந்து போனவர்கள் யாரும் அந்த வாதத்தில் சேரவில்லை.

பாரிஸில் லூயி தெ வெக்கரிடமும், பிறகு 1886இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் கண் மருத்துவமனையில் ஒட்டோ பெக்கரிடமும் பயிற்சி பெற்றார். அந்தக் காலத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கண்ணில் சில சொட்டு கோகெய்ன் விட்டால் மரத்துவிடும், நோயாளி விழித்திருக்கும்போதே அறுக்கலாம் என்று கார்ல் கோல்லர் கண்டறிந்தது 1884இல். அந்தச் செய்தி உலகுக்கு அறிவிக்கப்பட்டதே ஹைடல்பெர்கில் கூடிய கண் மருத்துவர் மாநாட்டில்தான். அதற்கு முன்னால் கண்புரை அறுவை என்றால் நாலு பேர் பிடித்துக்கொள்ள வேண்டும். துறையே தலைகீழாக மாறிக்கொண்டிருந்த ஊருக்கு, மாறிக்கொண்டிருந்தபோதே போய்ச் சேர்ந்தார் ரிஸால்.

பகலில் கண் மருத்துவமனை, இரவில் நாவல். ‘நோலி மே தாங்கெரே’ 1887 மார்ச்சில் பெர்லினில் அச்சாகி வந்தது. 2,000 படிகள். அச்சுக்கூலி 300 பெசோவை நண்பர் மாக்ஸிமோ வியோலா கொடுத்தார். கையில் காசே இல்லாத குளிர்காலம் அது. தலைப்புக்கு ‘என்னைத் தொடாதே’ என்று பொருள். யோவான் நற்செய்தியில் வரும் சொல். மருத்துவருக்கு அதில் இன்னொரு பொருளும் உண்டு. தொட்டாலே துடிக்கவைக்கும் புற்று. தன் நாட்டின் உடம்பில் அப்படியொரு புற்று இருக்கிறது, மூடி வைக்காமல் திறந்து காட்டப் போகிறேன் என்று முன்னுரையிலேயே சொல்கிறார்.

கதை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். இபார்ரா என்ற இளைஞன் ஏழு ஆண்டு ஐரோப்பாவில் படித்துவிட்டு ஊர் திரும்புகிறான். ஒரு பள்ளிக்கூடம் கட்ட வேண்டும் என்பது மட்டுமே அவன் ஆசை. அது பாதிரிகளுக்குப் பொறுக்கவில்லை. அவர்களே ஆள் வைத்து ஒரு போலிக் கலகத்தைக் கிளப்பி, அதற்குத் தலைவன் இபார்ரா என்று பழி போடுகிறார்கள். காதலிக்கு அவன் எப்போதோ எழுதிய ஒரு கடிதத்தை எடுத்துச் சாட்சியாக வைக்கிறார்கள். பள்ளிக்கூடம் கட்ட வந்தவன் பிலிபுஸ்தெரோ ஆகிவிடுகிறான். இது 1887இல் அச்சான கதை என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1896க்கு வரும்போது தேவைப்படும்.

நாவல் வந்த ஆண்டிலேயே துணிந்து ஊர் திரும்பினார். காலம்பாவில் வைத்தியம் பார்த்தார். ஜெர்மனியிலிருந்து வந்தவர் என்பதால் மக்கள் ‘டாக்டர் உலிமன்’ என்று கூப்பிட்டார்கள். அலெமான் என்ற சொல்லின் மரூஉ. இன்னொரு பக்கம், அவர் படித்த அதே சாந்தோ தோமாஸ் பல்கலைக்கழகத்தின் குழு அந்த நாவல் மத விரோதம், தேச விரோதம் என்று அறிக்கை கொடுத்தது. ஆளுநர் தெரெரோ கொஞ்சம் தாராள மனசுக்காரர். தடை போடவும் வேண்டும், ஆளுக்கு ஆபத்து வராமலும் இருக்க வேண்டும் என்று ஹோசே தாவியெல் தே அந்திராதே என்ற ராணுவ அதிகாரியை மெய்க்காவலாக அனுப்பினார். காவலாக வந்தவர் நண்பராகிப் போனார். இந்தப் பெயரையும் மறக்காதீர்கள்.

ஆறு மாதத்தில் மறுபடி வெளியேற வேண்டி வந்தது. ஹாங்காங், ஜப்பான், அமெரிக்கா வழியாக லண்டன். பிரிட்டிஷ் மியூசியத்தில் உட்கார்ந்து, ஸ்பானிய அதிகாரி மோர்கா 1609இல் எழுதிய பிலிப்பைன்ஸ் வரலாற்றைக் கையால் பிரதி எடுத்து, அடிக்குறிப்பு எழுதிப் பதிப்பித்தார். ஸ்பெயின் வருவதற்கு முன்னால் எங்களுக்கு ஒன்றுமே இல்லையா என்ற கேள்விக்கு, ஸ்பானியன் எழுதிய நூலிலிருந்தே பதில் எடுத்துக் காட்டினார்.

இதற்கிடையில் காலம்பாவில் பெரிய அடி விழுந்தது. ஊர் முழுக்க டொமினிக் சபையின் நிலம். ரிஸால் குடும்பமும் குத்தகைதாரர்தான். குத்தகை உயர்வை எதிர்த்து ஊர் வழக்குப் போட்டது. வழக்கு தோற்றது. 1890-91இல் படை வந்து குடும்பங்களை வீட்டிலிருந்து வெளியேற்றியது. பசியானோவை மிண்டோரோ தீவுக்கு நாடு கடத்தினார்கள். படையை அனுப்பிய ஆளுநர் வலேரியானோ வேய்லர். இவரும் திரும்ப வருவார்.

அந்தக் கொதிப்பில் பிறந்ததுதான் இரண்டாம் நாவல், ‘எல் பிலிபுஸ்தெரிஸ்மோ’. 1891இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் அச்சானது. கொல்லப்பட்ட மூன்று பாதிரிகளுக்குக் காணிக்கை. தலைப்பிலேயே அந்தச் சொல்லை எடுத்து வைத்துவிட்டார். இதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். ராணுவ நீதிமன்றம் படிக்காமல் விட்ட இடம் இதில்தான் இருக்கிறது.

செத்துப்போனான் என்று நினைத்த இபார்ரா பதின்மூன்று ஆண்டு கழித்து சிமோன் என்ற நகை வியாபாரியாக, நீலக் கண்ணாடி போட்டுக்கொண்டு திரும்பி வருகிறான். ஆளுநருக்கே நெருக்கம். அவன் திட்டம் விசித்திரமானது. அரசை எதிர்ப்பதில்லை, இன்னும் கெட்டுப்போக உதவுகிறான். ஊழலை வளர்க்கிறான், கொடுமையைத் தூண்டுகிறான். மக்கள் தாங்க முடியாமல் வெடிக்க வேண்டும் என்பது கணக்கு. மருத்துவக் கண்ணால் பார்த்தால், சீழ் கட்டட்டும் என்று புண்ணைக் கிளறுகிற வைத்தியம்.

அவனுக்கு எதிரே நிற்பவன் பசிலியோ, மருத்துவ மாணவன். முதல் நாவலில் அடிபட்ட சிறுவனாக வந்தவன். எனக்கு இந்த இரண்டு நாவலிலும் மிகப் பிடித்த பாத்திரம் இவன்தான். தொழில் பாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிமோன் அவனைக் கூட்டாளியாகக் கூப்பிடுகிறான். பசிலியோ மறுக்கிறான். படித்து முடித்து, நாலு பேருக்கு வைத்தியம் பார்த்து, காதலியைக் கட்டிக்கொண்டு வாழ வேண்டும் என்பதைத் தாண்டி அவனுக்கு ஆசை இல்லை. சமூகமே நோயாகக் கிடக்கும்போது தனி உடம்புகளைத் தேற்றி என்ன பயன் என்று சிமோன் இடிக்கிறான். பொது மருத்துவமனை வெளிநோயாளிப் பிரிவில் ஒரு நாள் உட்கார்ந்தவருக்கு அந்தக் கேள்வி வராமல் இருக்காது.

பசிலியோவைக் கடைசியில் மாற்றுவது சிமோனின் பேச்சு அல்ல. யாரோ சுவரொட்டி ஒட்டியதற்கு இவனைப் பிடித்து உள்ளே போடுகிறார்கள். மற்ற மாணவர்களுக்குப் பணமும் ஆளும் இருக்கிறது, வெளியே வருகிறார்கள். இவனுக்கு யாரும் இல்லை. இவனை விடுவிக்கக் கேட்டுப் பாதிரியிடம் போன காதலி ஹூலி, அந்த மடத்தின் சன்னலிலிருந்து விழுந்து சாகிறாள். சிறையிலிருந்து வெளியே வந்த பசிலியோ நேராகச் சிமோனிடம் போகிறான். அரசுதான் தன் கையால் ஒரு மருத்துவ மாணவனைப் பிரிவினைவாதியாகச் செய்து முடித்தது. ரிஸால் அதை எழுதியபோது அரசுக்கான எச்சரிக்கையாகத்தான் எழுதினார் என்பது என் வாசிப்பு.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. சிமோனின் வெடிகுண்டு மாதுளம்பழ வடிவத்தில் ஒரு விளக்குக்குள் இருக்கிறது. ஆளுநர் முதல் பாதிரிகள் வரை கூடியிருக்கும் கல்யாண வீட்டில் வெடிக்க வேண்டியது. தான் காதலித்த பெண் அந்த வீட்டில் மணமகளாக நிற்கிறாள் என்பதால் இசகானி என்ற இளைஞன் பாய்ந்து விளக்கைத் தூக்கி ஆற்றில் எறிந்துவிடுகிறான். சிமோன் தப்பியோடி, நஞ்சு குடித்து, கடற்கரையில் ஒரு முதிய உள்ளூர்ப் பாதிரியின் வீட்டில் சாகிறான். இந்த வழியில் விடுதலை வராது என்று அந்த முதியவர் அவனிடம் பொறுமையாகச் சொல்கிறார். அவன் செத்தபின் அவனுடைய நகைப் பெட்டியைக் கடலில் வீசுகிறார். பிரிவினைவாதி தோற்கிறான், அவனைத் தோற்கடித்ததும் ஆசிரியர்தான்.

சரி, வாழ்க்கைக்கு வருவோம். 1892 ஜூனில் ஹாங்காங்கிலிருந்து மணிலாவுக்குத் திரும்பினார். ஜூலை 3ஆம் தேதி ‘லிகா பிலிப்பினா’ என்ற சங்கத்தைத் தொடங்கினார். ஒருவருக்கொருவர் உதவி, கல்வி, தொழில், சீர்திருத்தம் என்பவைதான் அதன் நோக்கங்கள். சில நாளில் ஆளுநர் தெஸ்புஹோல் அவரைப் பிடித்து டபிடானுக்கு அனுப்பிவிட்டார். அவர் கைதான செய்தி பரவிய அந்த நாளிலேயே, ஜூலை 7ஆம் தேதி, ஆந்திரேஸ் போனிஃபாசியோ என்ற கிடங்குத் தொழிலாளி மணிலாவில் ‘கட்டிபுனான்’ என்ற ரகசிய அமைப்பைத் தொடங்கினார். சங்கம் வைத்தவரை நாடு கடத்தியதும் ஆயுதம் எடுப்பவர் பிறந்தார். பசிலியோ கதையை ஆட்சியாளர்கள் படித்திருக்கவே இல்லை.

டபிடானில் நான்கு ஆண்டுகள். அந்த நான்கு ஆண்டுகளை மட்டும் எடுத்து ஒரு மாலை முழுக்கப் பேசலாம். வந்த சில மாதத்தில் லாட்டரியில் பரிசு விழுந்தது. 20,000 பெசோவைக் காவல் தலைவர் உட்பட மூவர் பங்கிட, இவர் பங்கு 6,200. கைதியும் காவலரும் கூட்டாக லாட்டரிச் சீட்டு வாங்கிய சிறை வேறெங்காவது உண்டா? அந்தப் பணத்தில் தலிசாய் என்ற கடலோரத்தில் நிலம் வாங்கி, மூங்கிலும் நிப்பா ஓலையுமாக வீடு கட்டினார். ஊர்ப் பையன்களுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார். சம்பளத்துக்குப் பதில் அவர்கள் தோட்ட வேலை செய்தார்கள். ஊருக்குக் குடிநீர்க் குழாய் அமைத்தார். தேவாலயத்துக்கு எதிரே தரையில் மண்ணும் கல்லும் கொண்டு மிண்டனாவ் தீவின் மேடு பள்ளங்களோடு ஒரு வரைபடம் செய்தார். அது இன்றும் இருக்கிறது. ஓணான், தவளை, வண்டு என்று பிடித்து ஜெர்மனியின் டிரெஸ்டன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். பறக்கும் ஓணான் ஒன்றுக்கும் தவளை ஒன்றுக்கும் வண்டு ஒன்றுக்கும் அவர் பெயரையே வைத்தார்கள்.

கண் தெரியாதவர்கள் மணிலாவிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் கப்பலேறி வந்தார்கள். தாய்க்கும் அறுவை செய்தார். அந்த அம்மாள் சொன்னதைக் கேட்காமல் கட்டை அவிழ்த்துவிட, கண்ணில் சீழ் பிடித்தது. சொந்தக்காரர்களுக்கு மருத்துவர் ஏன் வைத்தியம் பார்க்கக் கூடாது என்பது இப்போதுதான் புரிகிறது என்று நொந்து எழுதினார். என் தாயாருக்கு மாத்திரை கொடுத்துப் பார்த்த எனக்கு அந்த வரி படித்ததுமே சிரிப்பு வந்தது.

1896 ஜூனில் கட்டிபுனான் ஆள் அனுப்பியது. வந்தவரும் மருத்துவரே, பியோ வாலென்சுவேலா. காவலர்களுக்குச் சந்தேகம் வராமலிருக்கக் கண் தெரியாத ஒருவரையும் கூட்டி வந்தார். புரட்சிக்குத் தயார், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். ஆயுதமும் பணமும் படித்தவர்கள் ஆதரவும் இல்லாமல் இறங்குவது தற்கொலை என்றார் ரிஸால். அவருக்குத் தெரியாமலே அவரைக் கௌரவத் தலைவர் ஆக்கி, அவர் பெயரையே அடையாளச் சொல்லாக வைத்திருந்த அமைப்பு அது.

இந்தச் சந்திப்புக்கு ஆறு மாதம் முன்பே அந்த விண்ணப்பத்தை அவர் அனுப்பிவிட்டிருந்தார். யோசனை சொன்னவர் அவருடைய ஆஸ்திரிய நண்பர் பிளூமென்ட்ரிட். கியூபாவில் ஸ்பானியச் சிப்பாய்கள் குண்டைவிட மஞ்சள் காய்ச்சலுக்கும் மலேரியாவுக்கும் அதிகமாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். கொசுதான் மஞ்சள் காய்ச்சலைப் பரப்புகிறது என்று ஹவானா மருத்துவர் கார்லோஸ் பின்லே 1881லேயே சொல்லியிருந்தும் யாரும் காது கொடுக்கவில்லை. ஆகவே மருத்துவர்களுக்குத் தட்டுப்பாடு. மூன்று ஆண்டுக்கு மேல் அடைபட்டுக் கிடந்தவருக்கு அது ஒரு வாசல். வெளியே போகலாம், விசுவாசத்தையும் மெய்ப்பிக்கலாம். கோழைத்தனம் என்பார் சிலர், ராஜதந்திரம் என்பார் சிலர். அடைத்து வைத்தவன் திறந்த ஒரே கதவு அதுவாக இருந்தது என்பேன் நான்.

ஆளுநர் பிளாங்கோவின் சம்மதக் கடிதம் டபிடானுக்கு வந்து சேர்ந்தது 1896 ஜூலை 30. ஏழு மாதத்துக்கு மேல். நம் தலைமைச் செயலகங்களைக் குறை சொல்பவர்கள் கவனிக்கவும். அதற்குள் கியூபாவில் தளபதியும் மாறியிருந்தார். புதிதாகப் போனவர் யார் தெரியுமா? வலேரியானோ வேய்லர். காலம்பாவில் ரிஸால் குடும்பத்தின் வீட்டைப் பிடுங்கியவர். மருத்துவராகப் போயிருந்தால் அவருக்குக் கீழேதான் வேலை பார்த்திருக்க வேண்டும்.

மறுநாளே ‘எஸ்பான்யா’ என்ற நீராவிக் கப்பலில் ஏறினார். வழியில் நின்ற துமகெட்டேயிலும் செபுவிலும்கூட நோயாளிகள் வந்தார்கள்; அறுவை செய்தார். ஆகஸ்ட் 6ஆம் தேதி மணிலாவை அடைந்தபோது, ஸ்பெயினுக்குப் போகும் ‘இஸ்லா தே லுசோன்’ தபால் கப்பல் முந்தைய நாளே புறப்பட்டுப் போயிருந்தது. ஒரே ஒரு நாள்.

அடுத்த கப்பலுக்கு நான்கு வாரம். அதுவரை காவிதே துறையில் நின்ற ‘காஸ்தில்யா’ போர்க்கப்பலில் விருந்தினர் போலவும் கைதி போலவும் வைத்திருந்தார்கள். அந்த நான்கு வாரத்துக்குள்தான் கட்டிபுனான் வெளியே தெரிந்து, புரட்சி வெடித்தது. ஆகஸ்ட் 30ஆம் தேதி மணிலாவின் வாசலில் சண்டை. எட்டு மாகாணங்களில் ராணுவச் சட்டம். ரிஸால் கப்பலில் இருந்தார். செப்டம்பர் 3ஆம் தேதி ‘இஸ்லா தே பனாய்’ கப்பலில் புறப்பட்டார். கையில் போர் அமைச்சருக்குப் பிளாங்கோ எழுதிய நற்சான்றுக் கடிதம்.

சிங்கப்பூரில் கப்பல் நின்றது. உடன் வந்த பணக்காரர் பெத்ரோ ரோஹாஸ் இறங்கித் தப்பினார்; நீயும் இறங்கிவிடு என்றார். வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று மறுத்தார் ரிஸால். அது பிரிட்டிஷ் மண். இறங்கியிருந்தால் யாரும் தொட்டிருக்க முடியாது. மத்தியதரைக் கடலுக்குள் போனதும் அறைக்குள் அடைத்தார்கள். பார்சிலோனாவில் மொன்ட்ஜூயிக் கோட்டைச் சிறை. அங்கே அவரை அழைத்துப் பேசிய ராணுவத் தலைவர், நான்கு ஆண்டுக்கு முன் அவரை டபிடானுக்கு அனுப்பிய அதே தெஸ்புஹோல். அன்று இரவே ‘கொலோன்’ கப்பலில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். அந்தக் கப்பல் நிறைய பிலிப்பைன்ஸ் புரட்சியை அடக்கப் போகிற சிப்பாய்கள். மீண்டும் சிங்கப்பூர். இந்த முறை லண்டனிலிருந்த நண்பர்கள் தந்தி அடித்து, ஆட்கொணர்வு மனுப் போட்டுப் பார்த்தார்கள். அயல்நாட்டுப் படையை ஏற்றிய கப்பல் தன் அதிகாரத்துக்குள் வராது என்று தலைமை நீதிபதி கையை விரித்துவிட்டார். தப்பலாம் என்றபோது இவர் மறுத்தார். தப்ப வேண்டும் என்றபோது சட்டம் மறுத்தது. நவம்பர் 3ஆம் தேதி மணிலா.

டிசம்பர் 26ஆம் தேதி ராணுவ நீதிமன்றம் கூடியது. கலகம், ராஜத் துரோகம், சட்டவிரோதச் சங்கம் என்று குற்றச்சாட்டு. வாதாட வழக்கறிஞர் கிடையாது. ஒரு பட்டியலைக் கொடுத்து ராணுவ அதிகாரிகளில் ஒருவரைப் பொறுக்கிக்கொள் என்றார்கள். பட்டியலில் தாவியெல் தே அந்திராதே என்ற பெயர் இருந்தது. முன்பு மெய்க்காவலாக வந்தவரின் சகோதரர் லூயிஸ். அந்த இளம் அதிகாரி மனதாரத்தான் வாதாடினார். முழங்கைகள் பின்னால் கட்டப்பட்ட நிலையில் கைதி உட்கார்ந்திருந்தார்.

அரசுத் தரப்பு என்ன வைத்தது? லிகா பிலிப்பினாவை வைத்தது. கட்டிபுனான்காரர்கள் அவர் பெயரைச் சொன்னதை வைத்தது. கடிதங்களையும் எழுத்துக்களையும் வைத்தது. இபார்ராவுக்கு எதிராகக் கதையில் கடிதத்தை வைத்தார்களே, அதே போல. சிமோனைப் படைத்தவன் சிமோனாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர்கள் தர்க்கம். சிமோன் கடைசியில் என்ன ஆனான் என்று அந்த மேசையில் யாரும் கேட்கவில்லை. நாவலைக் கடைசி அத்தியாயம் வரை படிக்காத விமர்சகர்களை நாமும் பார்த்திருக்கிறோம். அவர்கள் கையில் துப்பாக்கி இல்லாதது நம் அதிர்ஷ்டம்.

இதில் ஒன்றை மறைக்கக் கூடாது. டிசம்பர் 15ஆம் தேதி சிறையிலிருந்து ரிஸால் ஓர் அறிக்கை எழுதினார். புரட்சியைக் கண்டித்து, எல்லோரும் வீடு திரும்புங்கள் என்றார். சீர்திருத்தம் மேலிருந்து வர வேண்டும் என்றார். அவரைக் கும்பிடுகிறவர்கள் இந்த அறிக்கையைப் பேசமாட்டார்கள். ஆனால் இதைவிடச் சுவையான சேதி, அரசும் அதை வெளியிடவில்லை. ராணுவச் சட்ட ஆலோசகர் பேன்யா அதைக் கூர்ந்து படித்தார். இவன் விடுதலை வேண்டாம் என்று சொல்லவில்லையே, இப்போது வேண்டாம், முதலில் கல்வி வேண்டும் என்றல்லவா சொல்கிறான் என்று பிடித்துக்கொண்டார். ரிஸாலை ஒழுங்காக வாசித்த ஒரே ஸ்பானிய அதிகாரி அவர்தான் என்பேன். வாசித்துவிட்டுச் சாகடிக்கச் சொன்னார்.

பிளாங்கோ போய்ப் புதிய ஆளுநர் பொலவியேஹா வந்திருந்தார். 28ஆம் தேதி மரண தண்டனையில் கையெழுத்துப் போட்டார். 29ஆம் தேதி குடும்பத்தினர் வந்தபோது, மதுசார அடுப்பு ஒன்றைத் தங்கை திரினிதாதிடம் கொடுத்து, உள்ளே ஒன்று இருக்கிறது என்று ஆங்கிலத்தில் முணுமுணுத்தார். காவலர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. உள்ளே இருந்தது அவருடைய கடைசிக் கவிதை. அன்றிரவு அவர் மதத்திடம் மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுத்தாரா இல்லையா என்று நூறாண்டுக்கு மேல் சண்டை நடக்கிறது. எனக்கு அதில் ஆர்வம் இல்லை.

30ஆம் தேதி காலை பகும்பயான் திடல். மூன்று பாதிரிகளைக் கொன்ற அதே இடம். சுடுவதற்கு உள்ளூர்ச் சிப்பாய்கள் வரிசை. அவர்கள் சுடாவிட்டால் அவர்களைச் சுட, பின்னால் ஸ்பானியச் சிப்பாய்கள் வரிசை. துரோகி என்பதால் முதுகில்தான் சுடுவோம் என்றார்கள். முன்னிருந்து சுடுங்கள் என்று கேட்டார், மறுத்தார்கள். அப்போது ராணுவ மருத்துவர் ஒருவர் முன்னே வந்தார். பெயர் பெலிப்பே ரூயிஸ் காஸ்தில்யோ. ரிஸாலின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். நாடி இயல்பாக இருந்தது. அவரும் ஆச்சரியப்பட்டார்.

இந்தக் கட்டத்தை நினைக்கும்போதெல்லாம் நான் நாடி பார்த்த அந்த மருத்துவரைத்தான் நினைத்துக்கொள்கிறேன். ரிஸால் கேட்டு வாங்கிய வேலை அவர் பார்த்துக்கொண்டிருந்த வேலை. ஒரு நாள் முன்னதாக மணிலா வந்திருந்தால் ரிஸாலும் ஹவானாவில் யாருடைய மணிக்கட்டையோ பிடித்திருப்பார். காலை 7.03க்குச் சுட்டார்கள். விழும்போது உடலை வலப்பக்கமாகத் திருப்பி, வானம் பார்த்து விழுந்தார். வயது 35.

அவரை நாட்டின் நாயகனாக்கியது யார் என்ற வழக்கும் உண்டு. ஸ்பெயினுக்குப் பின் ஆள அமெரிக்கா வந்ததும், ஆயுதம் எடுத்த போனிஃபாசியோவைப் பின்னே தள்ளி, அமைதியான இவரை முன்னே வைத்தது. 1901இல் ஒரு மாகாணத்துக்கே இவர் பெயர் வைத்தது. ரெனாத்தோ கான்ஸ்தந்தீனோ 1969இல் ஒரு சொற்பொழிவில் இதைப் போட்டு உடைத்தார். புரட்சியைக் கண்டித்தவரா புரட்சியின் நாயகன் என்று கேட்டார். கேள்வி நியாயமானது. ரிஸாலைப் புரட்சிக்காரர் ஆக்க நானும் முயலமாட்டேன். ஆனால் அவருடைய இரண்டு நாவல்களையும் பள்ளி கல்லூரிகளில் படிக்கவேண்டும் என்று 1956இல் சட்டம் கொண்டுவந்தபோது கத்தோலிக்கத் திருச்சபை எதிர்த்து நின்றதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அறிக்கையை எழுதியவர் அடங்கிப் போனார் என்றே வைத்துக்கொள்வோம். நாவல் எழுதியவர் அறுபது ஆண்டு கழித்தும் அடங்கவில்லை.

விண்ணப்பத்தில் தொடங்கினேன், கப்பலில் முடிக்கிறேன். அடுத்த தபால் கப்பலுக்காக ரிஸாலைக் காக்கவைத்த ‘காஸ்தில்யா’ அதே காவிதே துறையில் 1898 மே 1ஆம் தேதி அமெரிக்கக் கடற்படையின் குண்டில் எரிந்து மூழ்கியது. அந்த ஆண்டு டிசம்பர் 10ஆம் தேதி பாரிஸில் போட்ட ஒரே ஒப்பந்தத்தில் கியூபாவும் பிலிப்பைன்ஸும் ஸ்பெயினின் கையை விட்டுப் போயின. ரிஸால் சுடப்பட்டு அப்போது இரண்டு ஆண்டுகூட நிறைந்திருக்கவில்லை.